தரிசாய்க் கிடக்கும் அலைவரிசைகள்

கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பக்கம் பழைய ஓட்டு வீடுகளின் கூரையை அண்ணாந்து பார்த்தால் இன்னும் சில இடங்களில் அது நிற்கும். கல்வனைஸ் குழாயின் உச்சியில், குறுக்குக் கம்பிகள் பாதி உதிர்ந்த டிவி அன்டெனா. கடற்காற்றின் உப்பு அலுமினியத்தைத் தின்றுவிட்டது. பக்கத்திலேயே செய்மதி டிஷ் வந்து உட்கார்ந்துவிட்டதால் பழையதைக் கழற்ற யாருக்கும் நேரம் வாய்க்கவில்லை. ஒரு காலத்தில் மஃரிபுக்குப் பிறகு வீட்டுக்கு வீடு ஒரு பொடியன் கூரையில் ஏறிக் குழாயைத் திருகுவான். "இப்ப சரியா?" என்று மேலிருந்து கேட்பான். "இன்னுங் கொஞ்சம் மலைப் பக்கம்" என்று உள்ளேயிருந்து பதில் வரும்.

அந்தக் கம்பிகள் கைக்கு வந்தபடி வெட்டப்பட்டவை அல்ல. பிடிக்க வேண்டிய அலையின் நீளத்தில் ஏறத்தாழப் பாதி இருக்கும்படி அளந்து வெட்டுவார்கள். 600 மெகாஹெர்ட்ஸ் மீடிறனுள்ள அலையின் நீளம் அரை மீற்றர். அதற்கான கம்பி சுமார் கால் மீற்றர். வீட்டு வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையோ வெறும் பன்னிரண்டரை சென்ரிமீற்றர். நீளமான அலைக்குத் தென்னந்தோப்பும் மதிற்சுவரும் அவ்வளவு பெரிய தடையில்லை. குறுகிய அலை ஈர இலைகளிலேயே களைத்துவிடும். ஒரே திறனில் அனுப்பி, ஒரே ஆதாயமுள்ள அன்டெனாவில் வாங்கினால், வெட்டவெளியில் 600 மெகாஹெர்ட்ஸ் சிக்னல் 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னலைவிட 16 மடங்கு வலுவோடு வந்து சேரும். தூரமாகச் சொன்னால் நான்கு மடங்கு. பதிலுக்கு அன்டெனா பெரிதாக வேண்டும், அவ்வளவுதான்.

இலங்கையில் தொலைக்காட்சி 1979 ஏப்ரல் 13இல் சுயாதீனத் தொலைக்காட்சியோடு பிறந்தது. 1982 பெப்ரவரி 15இல் ரூபவாஹினி வந்தது; நாட்டின் அதி உயர்ந்த சிகரமான பிதுருதலாகலையின் தலையில் அதன் ஒளிபரப்புக் கோபுரம் ஏறியது. 2,524 மீற்றர் உயரத்தில் நிற்கும் அன்டெனாவுக்கு, குறுக்கே மலையில்லாவிட்டால், ஏறத்தாழ 200 கிலோமீற்றர் வரை வானலைத் தொடுவானம் விரிகிறது. அங்கிருந்து கல்முனை நேர்கோட்டில் சுமார் 125 கிலோமீற்றர்தான். இடையில் ஊவா மலைகள் குறுக்கிடுகின்றன என்பதுதான் சிக்கல். அதனால் ஒரே அலைவரிசையில் நாட்டையே மூடிவிட முடியாது. ஒரு சேவை ஒரு பகுதியில் ஓர் அலைவரிசையிலும், மலைக்கு அந்தப் பக்கம் இன்னொன்றிலும் ஒளிபரப்ப வேண்டியிருந்தது.

ஓர் இடத்தில் ஒளிபரப்பும் அலைவரிசையைப் பக்கத்துக் கோபுரமும் எடுத்துக்கொண்டால் அனலொக் படத்தில் கோடு விழும், பேய்நிழல் ஆடும். ஆகவே பக்கத்துப் பகுதிகளுக்கு வெவ்வேறு அலைவரிசைகளைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, இடைநடுவே பலவற்றை வேண்டுமென்றே சும்மா விட்டார்கள். கொழும்பில் நெரிசலாக இருக்கும் ஓர் அலைவரிசை, அம்பாறைக் கரையோரத்தில் ஆளரவமில்லாமல் கிடக்கலாம். இப்படி ஓரிடத்தில் யாரும் பயன்படுத்தாத தொலைக்காட்சி மீடிறன்களைத்தான் பொறியியலாளர்கள் டிவி ஒயிட் ஸ்பேஸ் என்கிறார்கள். அதில் இணையத்தை ஏற்றி அனுப்பலாம் என்பது கடந்த இருபது ஆண்டுகளாக உலகெங்கும் அடிபடும் யோசனை.

சம்மாந்துறை, அக்கரைப்பற்று விவசாயிகளுக்கு இதன் ஒழுங்கு சட்டென்று பிடிபடும். போடியாரின் காணி ஒரு போகம் தரிசாகக் கிடக்கிறது. அந்த இடைவெளியில் இன்னொருவர் பயறு போட்டு எடுக்கிறார். காணி போடியாருடையதுதான். அவர் உழ வந்தால் மறுபேச்சில்லாமல் ஒதுங்கிவிட வேண்டும். ஒயிட் ஸ்பேஸ் கருவியும் அப்படியே. அதனிடம் ஜிபிஎஸ் இருக்கிறது. தான் எங்கே நிற்கிறேன் என்பதை இணையத்தில் உள்ள ஒரு தரவுத்தளத்துக்குச் சொல்லி, "இந்த இடத்தில் எந்த அலைவரிசை சும்மா இருக்கிறது, எவ்வளவு திறனில் அனுப்பலாம்?" என்று கேட்கும். பதில் வந்த பிறகே வாய் திறக்கும். குறித்த காலத்துக்கு ஒருமுறை திரும்பவும் கேட்க வேண்டும். தொலைக்காட்சி நிலையம் அந்த அலைவரிசைக்கு வந்துவிட்டால் கருவி வேறொன்றுக்கு மாறிவிடும்.

முதலில் கதவைத் திறந்தது அமெரிக்கா. 2008 நவம்பரில் அந்நாட்டின் தொடர்பாடல் ஆணைக்குழு இதற்கு இசைவு தெரிவித்து, 2010இல் விதிகளை இறுதியாக்கியது. எதிர்ப்பு ஒளிபரப்பாளரிடமிருந்து மட்டும் வரவில்லை. மேடைகளில் கம்பியில்லா மைக்கும் இதே இடைவெளிகளில்தான் வெகுகாலமாக ஓசைப்படாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஆகவே நாட்டுப்புறப் பாடகி டொலி பார்ட்டனே ஆணைக்குழுவுக்குக் கடிதம் எழுதினார். 2009இல் வேர்ஜீனியா மாநிலத்தின் குளோட்வில் என்ற சிற்றூரில் பரீட்சார்த்த வலையமைப்பு ஓடியது. 2011இல் ஐஇஇஇ 802.22 என்ற நியமம் வெளியானது. நல்ல சூழலில் 100 கிலோமீற்றர் வரை எட்டுவதற்கும், ஓர் அலைவரிசையில் நொடிக்கு 22 மெகாபிட் அளவு சுமப்பதற்கும் ஏற்றபடி அது வரையப்பட்டிருந்தது. 22 மெகாபிட் என்பது இன்றைய ஃபைபர் வீட்டுக்காரருக்குச் சிரிப்பாக இருக்கலாம். ஒன்றுமே இல்லாத ஊருக்கு அது ஒரு பள்ளிக்கூடம், ஒரு மருந்தகம், ஒரு பிரதேச செயலகக் கிளை.

வைஃபையையே தூரத்துக்கு இழுக்க முடியாதா என்று கேட்டால், முடியும். தமிழ்நாட்டில் தேனி அரவிந்த் கண் மருத்துவமனை அதைச் செய்து காட்டியது. பேர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவரின் குழு, சாதாரண வைஃபை அட்டைகளின் மென்பொருளை மாற்றி எழுதி, கிராமத்துப் பார்வை மையங்களை மருத்துவமனையோடு பல கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து இணைத்தது. நோயாளி மையத்தில் இருக்க, மருத்துவர் தேனியிலிருந்தே வீடியோவில் பேசினார். வெனிசுவேலாவில் எர்மானோ பியெத்ரோசெமோலி 2007இல் இரண்டு மலையுச்சிகளுக்கிடையே 382 கிலோமீற்றர் தூரத்துக்கு வைஃபையை எட்ட வைத்தார். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. ஓர் அன்டெனா மற்றதை நேருக்கு நேர் பார்க்க வேண்டும். மலைநாட்டில் அது வாய்க்கும். தட்டையான, தென்னை நிறைந்த கரையோரத்தில் ஒவ்வோர் இணைப்புக்கும் மரத்துக்கு மேலே கோபுரம் எழுப்ப வேண்டும். கோபுரத்தின் விலை கருவியின் விலையை விழுங்கிவிடும். அந்தப் பியெத்ரோசெமோலியே பின்னர் இத்தாலியின் திரியெஸ்தே நகரிலுள்ள ஐசிடிபி நிறுவனத்தில் மார்கோ செனாரோவோடு சேர்ந்து டிவி மீடிறன் பக்கம் வந்தது தற்செயல் இல்லை. 2013இல் அவர்கள் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து மலாவியின் சோம்பா நகரில் ஒரு வலையமைப்பை நிறுவினார்கள். அதே ஆண்டில் கென்யாவின் நன்யுக்கிப் பகுதியில் சூரிய மின்சாரத்தில் ஓடும் மாவிங்கு திட்டமும், கேப்டவுனில் பத்துப் பள்ளிகளை இணைத்த கூகிளின் பரீட்சார்த்தமும் தொடங்கின.

நமக்கு அண்மையிலுள்ள பாடம் மகாராஷ்டிராவின் பால்கர். மும்பையின் ஐஐடியில் அபய் கரந்திகர், அனிமேஷ் குமார் ஆகியோரின் குழு முதலில் ஒரு கணக்குப் பார்த்தது. இந்தியாவில் தரைவழித் தொலைக்காட்சி என்றால் தூர்தர்ஷன் மட்டும்தான். 470 முதல் 590 மெகாஹெர்ட்ஸ் வரை 15 அலைவரிசைகள் இருக்கின்றன. நாட்டின் ஏறக்குறைய எந்த இடத்தில் நின்றாலும் அவற்றில் குறைந்தது 12 சும்மா கிடந்தன. 2014இல் வெளியான இந்தக் கணக்கு பலரை நிமிர்ந்து உட்கார வைத்தது. ஐந்தில் நான்கு பங்கு தரிசு! பால்கரில் ஏழு கிராமங்களை இணைத்து இந்தியாவின் முதல் ஒயிட் ஸ்பேஸ் சோதனைக்களத்தை அவர்கள் அமைத்தார்கள். கிராம் மார்க் என்று பெயர் பெற்ற அந்த முயற்சி 2017இல் மொசில்லா நிறுவனத்தின் போட்டியில் முதற்பரிசாக 1,25,000 டொலர் வென்றது.

பரிசு வந்தது, வர்த்தக அனுமதி வரவில்லை. கையடக்கத் தொலைபேசி நிறுவனங்களின் சங்கம், அலைக்கற்றை வேண்டுமென்றால் எல்லோரையும் போல ஏலத்தில் எடுக்கட்டும் என்று நின்றது. அரசும் சோதனைக்கு மேல் போகத் தயங்கியது. அந்தத் தயக்கத்துக்குப் பின்னணி இருக்கிறது. ஏலமில்லாமல் அலைக்கற்றை ஒதுக்கிய 2ஜி விவகாரத்தில் 2012 பெப்ரவரி 2ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ஒரே தீர்ப்பில் இரத்துச் செய்திருந்தது. அதற்குப் பிறகு ஏலமில்லாமல் ஒரு மெகாஹெர்ட்ஸைக் கூடக் கைமாற்ற எந்த அதிகாரியின் பேனா முன்வரும்? கிராம் மார்க் விரிந்தபோது அனுமதிப்பத்திரம் தேவைப்படாத வைஃபை மீடிறன்களைத்தான் பெரிதும் நம்ப வேண்டியதாயிற்று. இயற்பியல் தோற்கவில்லை. கோப்புத்தான் நகரவில்லை.

கரையோர மக்களுக்கு இன்னும் நெருக்கமானது பிலிப்பைன்ஸின் போஹோல் தீவு. அங்கே மீனவர்களைப் பதிவு செய்யும் வேலை நடந்துகொண்டிருந்தது. இணையமில்லாத கடலோரக் கிராமங்களுக்கு அதிகாரிகள் போய்ப் படிவம் நிரப்பி, நகரத்துக்குத் திரும்பிக் கணினியில் ஏற்ற வேண்டிய நிலை. அந்நாட்டு அரசின் தகவல் தொழில்நுட்ப அலுவலகமும் மைக்ரோசொஃப்டும் அமெரிக்க உதவி நிறுவனமும் சேர்ந்து டிவி மீடிறனில் இணைப்பைக் கொடுத்தன. மீனவர் கரையில் நின்றபடியே பதிவானார். 2013 ஒக்டோபர் 15இல் 7.2 அளவிலான நிலநடுக்கம் போஹோலை உலுக்கியது. மூன்று வாரங்கள் கழித்து ஹையான் சூறாவளி பக்கத்துத் தீவுகளைத் துடைத்தெடுத்தது. மீனவர் பதிவுக்காகக் கொண்டுவந்த அதே கருவிகள் நிவாரணத் தொடர்புக்கு ஓடின. நாலு பெட்டியும் ஓர் அன்டெனாவும் மின்பிறப்பாக்கியும் இருந்தால் போதும். கம்பம் நடவோ கேபிள் புதைக்கவோ வேண்டியதில்லை.

இந்தக் கதையைக் கல்முனையில் வாசிப்பவருக்கு வேறொரு ஞாபகம் வரும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறை. பத்தாயிரத்துக்கும் மேல். மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை கரையை ஒட்டிய ஊர்கள் சிதைந்தன. தொலைபேசிக் கம்பிகளும் அவற்றோடு போயின. அதற்கு முன் 1978 நவம்பர் சூறாவளியும் இதே கரையைத் தனித்தீவாக்கிவிட்டுத்தான் போனது. ஆழிப்பேரலை நாட்களில் தெற்கே அம்பாந்தோட்டையைக் கொழும்போடு இணைத்தவை நவீன வலையமைப்புகள் அல்ல. விக்டர் குணதிலக்கவின் தலைமையில் இலங்கை வானொலிச் சங்கத்தின் பொழுதுபோக்கு வானொலியாளர்கள் கொண்டுபோன சிற்றலைப் பெட்டிகள். பெயர்தான் சிற்றலை, டிவி அலையைவிட அது நீளமானது. பழைய தொழில்நுட்பமோ புதியதோ, நீளமான அலைக்குத் தனிக் குணம் ஒன்று இருக்கத்தான் செய்கிறது.

பிறகு பல பரீட்சார்த்தங்கள் நடந்தன. லேர்ன்ஏசியா ஆய்வு நிறுவனமும் சர்வோதயமும் கரையோரக் கிராமங்கள் 32ஐத் தெரிந்தெடுத்து, எச்சரிக்கைச் செய்தியை எந்தக் கருவி விரைவாகவும் தவறாமலும் கொண்டு சேர்க்கிறது என்று சோதித்துப் பார்த்தன. செய்மதி வானொலி, கையடக்கத் தொலைபேசி, கம்பியில்லா வீட்டுத் தொலைபேசி எல்லாம் போட்டிக்கு இறங்கின. எந்த ஒரு கருவியையும் தனியே நம்ப முடியாது என்பதும், ஒன்று விட்டால் மற்றது பிடிக்க வேண்டும் என்பதும் அதில் தெரிந்தன. செய்தி ஊருக்குள் வந்த பிறகு கடைசி நூறு மீற்றரை யார் கடப்பது? அம்பாறைக் கரையில் அதற்கான விடை ஏற்கெனவே கம்பீரமாக நிற்கிறது. பாங்கும் மௌத்து அறிவித்தலும் சொல்லும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியை மிஞ்சிய வலையமைப்பு இந்த ஊர்களில் கிடையாது. அந்த ஒலிபெருக்கிக்குப் பொறுப்பானவர் கையில், தொலைபேசிக் கோபுரம் மின்சாரமில்லாமல் அணைந்த நேரத்திலும், செய்தி வந்து சேர வேண்டும். 2012 ஏப்ரல் 11இல் சுமாத்ரா நிலநடுக்கத்துக்குப் பிறகு கரையோரமெங்கும் மக்களை வெளியேறச் சொன்னார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் எல்லோரையும் அழைக்க முயன்ற அந்தப் பிற்பகலில் கையடக்கத் தொலைபேசி எவ்வளவு தூரம் கைகொடுத்தது என்பதைக் கரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

டிவி மீடிறன் இங்கே எதற்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்பதைக் கணக்கோடு பார்ப்பது நல்லது. கல்முனை பிரதான வீதியில் நின்று 4ஜி பார்க்கும் இளைஞனுக்கு இது தேவையே இல்லை. வாரக்கணக்கில் ஆழ்கடலில் நிற்கும் பலநாட் படகுக்கும் இது போதாது. அது நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தள்ளிப் போய்விடுகிறது. அதற்குச் சிற்றலை வானொலியும், இப்போது படகுகளில் பொருத்தப்படும் செய்மதிக் கண்காணிப்புக் கருவியும்தான் சரி. ஆனால் அதிகாலையில் தள்ளி, வெயில் ஏறுமுன் திரும்பும் ஃபைபர் வள்ளங்களைப் பாருங்கள். கரையில் 40 மீற்றர் உயரத்தில் ஓர் அன்டெனா இருந்தால் அதன் வானலைத் தொடுவானம் சுமார் 26 கிலோமீற்றர். வள்ளத்தில் 3 மீற்றர் கம்பு நட்டால் இன்னும் ஏழு. கூட்டினால் 33 கிலோமீற்றர். வள்ளத்தின் அன்றாட வட்டம் பெரும்பாலும் இதற்குள் அடங்கிவிடும். வானிலைச் செய்தி, நிற்கும் இடம், உதவிக் குரல், இவற்றுக்கு மெகாபிட் கணக்கே அவசியமில்லை. அப்படியே பொத்துவிலுக்குத் தெற்கே பாணமை, குமண காட்டோரம். ஆட்கள் குறைவு, மரங்கள் அதிகம். கோபுரம் போட்டால் முதல் தேறாது என்று நிறுவனங்கள் ஒதுங்கும் இப்படிப்பட்ட விளிம்புகளுக்காகவே இந்தத் தொழில்நுட்பம் யோசிக்கப்பட்டது.

புவியியலும் இந்தக் கரைக்கு ஒரு சலுகை தந்திருக்கிறது. காற்று அசையாத வெப்பமான மாலைகளில் டிவி அலை கடல்மேல் வளைந்து நெடுந்தூரம் ஓடும். யாழ்ப்பாணத்தில் தூர்தர்ஷன் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. பாக்குநீரிணையின் மறுகரையில், இராமேஸ்வரத்தில், 323 மீற்றர் கோபுரமே நிற்கிறது. வடக்கே யாராவது ஒயிட் ஸ்பேஸ் கருவியை இயக்கினால் இந்தியாவோடு பேசித்தான் ஆக வேண்டும். கல்முனைக்கு நேர் கிழக்கே வங்காள விரிகுடா. அந்தமான் தீவுகள் ஆயிரம் கிலோமீற்றருக்கும் அப்பால். குறைசொல்ல அண்டை வீட்டுக்காரர் இல்லை.

இவ்வளவு நல்ல பொருள் ஏன் சந்தையில் விலைபோகவில்லை? கருவி அதிகம் விற்றால்தான் மலியும்; மலிந்தால்தான் அதிகம் விற்கும். வைஃபை சிப் கோடிக்கணக்கில் அச்சாகிறது. ஒயிட் ஸ்பேஸ் பெட்டியைச் செய்தவை ஒருசில சிறு நிறுவனங்கள். அமெரிக்காவில் 2017இல் முடிந்த ஏலத்தில் டிவி மீடிறன்களிலிருந்து 84 மெகாஹெர்ட்ஸை வெட்டியெடுத்து, அதில் பெரும்பகுதியை 1,980 கோடி டொலருக்குக் கைபேசி நிறுவனங்கள் உள்ளிட்டோருக்கு விற்றார்கள். தரிசு சுருங்கியது. அதற்குள் வானத்திலிருந்து வேறு போட்டி வந்தது. இலங்கை அதையும் நேரில் பார்த்தது. வானில் மிதந்து இணையம் தரும் கூகிளின் லூன் பலூனுக்காக 2015இல் உடன்படிக்கை கைச்சாத்தானது. 2016இல் ஒரு பலூன் இலங்கை வானுக்கு வந்தது. ஆனால் அதற்கு மீடிறன் ஒதுக்குவதில் இழுபறிப்பட்டே திட்டம் மங்கியது. 2021இல் லூன் நிறுவனமே மூடப்பட்டது. இப்போது ஸ்டார்லிங்க் செய்மதி இணையம் 2025 ஜூலையிலிருந்து இலங்கையில் இயங்குகிறது. டிஷ்ஷும் மாதக் கட்டணமும் கட்டக்கூடியவருக்கு விடை கிடைத்துவிட்டது. கரைவலை இழுப்பவர் அந்தப் பட்டியலில் இல்லை.

இலங்கைக்கு இது இப்போது பேச வேண்டிய விடயமாவதற்குக் காரணம் டிஜிட்டல் மாற்றம். 2014 செப்டெம்பரில் ஜப்பானிய டிஜிட்டல் தொலைக்காட்சி முறைக்காக சுமார் 1,370 கோடி யென் கடன் உடன்படிக்கை கைச்சாத்தானது. ஒளிபரப்புக்கும் சேர்த்துக் கொழும்பில் எழுப்பிய தாமரைக் கோபுரம் 2019இல் திறக்கப்பட்டது. மாற்றமோ ஆண்டுக்கணக்காக இழுபடுகிறது. அது நடக்கும் நாளில், ஓர் அனலொக் சேவைக்குத் தேவைப்பட்ட 8 மெகாஹெர்ட்ஸ் அளவுக்குள் பல டிஜிட்டல் சேவைகள் அடங்கிவிடும்; பெரும் பரப்பு காலியாகும். கைபேசி நிறுவனங்கள் அதற்கு வரிசையில் நிற்கின்றன. ஏலப் பணம் திறைசேரிக்குத் தேவை என்பதும் உண்மை. ஆனால் ஏலத்தில் எடுப்பவர் கோபுரம் போடுவது வருமானம் வரும் இடத்தில்தான். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அலைகளுக்குப் பொறுப்பான தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு, இரண்டு மூன்று அலைவரிசைகளையாவது கிழக்குக் கரை போன்ற இடங்களில் பொதுப் பகிர்வுக்கென்று ஒதுக்கி வைத்தால், அனர்த்த முகாமைத்துவ நிலையமும் மீனவர் சங்கங்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் அதில் நிற்க இடம் கிடைக்கும். விற்று முடிந்த பிறகு கேட்டால் கிடைக்காது.

அதற்கு முதல் வேலை, இந்தக் கரையில் எது காலி, எது நெரிசல் என்று அளப்பது. செலவு பெரிதில்லை. கணினியில் டிவி பார்க்கவென்று விற்கப்பட்ட ஒரு யூஎஸ்பி குச்சியை ஆர்டிஎல் எஸ்டிஆர் என்ற இலவச மென்பொருளோடு சேர்த்தால், 24 முதல் 1,700 மெகாஹெர்ட்ஸ் வரை காற்றில் என்ன ஓடுகிறது என்று திரையில் கோடாகக் காட்டும். உலகெங்கும் மாணவர்கள் இதைச் செய்கிறார்கள். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்து மாணவர்கள் மருதமுனையிலிருந்து பாணமை வரை ஊருக்கு ஓரிடத்தில், பகலும் இரவும், வாடைக் காலத்திலும் கச்சான் காலத்திலும் அளந்து வைத்தால், ஆணைக்குழுவின் மேசையில் வைப்பதற்கு ஓர் ஆவணம் தயாராகிவிடும். அந்தக் குச்சி கேட்க மட்டும்தான் செய்யும். பேச வேண்டுமென்றால் ஆணைக்குழுவின் சோதனை அனுமதிப்பத்திரம் வேண்டும்.